மூட ஒரு ராத்திரி, திறக்கப் பன்னிரண்டரை வருஷம்!

"அதான் உங்க ஊருக்கு ரயில் வந்துருச்சே, இன்னும் என்ன புலம்பல்?"னு யாராவது கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வருது. வந்துருச்சா? 1928லயே வந்த ரயில்யா அது! மதுரை - போடிநாயக்கனூர் மீட்டர் கேஜ், அதாவது குறுகலான தண்டவாளத்துல ஓடுன வண்டி. இருந்ததைப் பிடுங்கிட்டுப் போய், பல வருஷம் கழிச்சுத் திருப்பிக் கொடுத்துட்டு, அதுக்கு ஒரு திறப்பு விழா வேற.

2010 கடைசியில வண்டியை நிறுத்துனாங்க. அகலப்பாதை ஆக்கப் போறோம்னாங்க. சரி, நல்ல காரியம்தானேன்னு நம்ம ஆளுகளும் சந்தோஷப்பட்டாங்க. தண்டவாளத்தைக் கழட்டுன வேகம் இருக்கே, அடடா! அதோட சரி. ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் "இந்த வருஷமாச்சும் நம்ம லைனுக்குப் பணம் ஒதுக்கியிருக்கானா"ன்னு பேப்பரைப் புரட்டுறதே பொழப்பாப் போச்சு. காசு கையில இல்லாம குடியிருக்குற வீட்டை இடிச்சுட்டு, அப்புறம் லோனுக்கு அலையுறவனை ஊர்ல என்ன சொல்லுவோம்? தண்டவாளம் கிடந்த மேட்டுல சீமைக்கருவேலம் ஆள் உசரத்துக்கு வளர்ந்து நின்னுச்சு.

வேலை லேசுப்பட்டது இல்ல, ஒத்துக்கிறேன். ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல இருக்குற 1,000 மில்லிமீட்டர் இடைவெளியை 1,676 ஆக்கணும்னா ரெண்டு தண்டவாளத்தையும் தள்ளி வச்சா போதாது. தண்டவாளத்துக்கு அடியில கிடக்குற ஸ்லீப்பர் கட்டையில இருந்து மாத்தணும், கரையை அகலப்படுத்தணும், பாலத்தைப் புதுசாக் கட்டணும், உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாய்ல பாறையை இன்னும் வெட்டணும். வெட்டுங்க, யாரு வேண்டாம்னா? ஆனா 90 கிலோமீட்டருக்கு இவ்வளவு காலமா? அமெரிக்காவுல தென் மாநிலங்கள்ல 1886ல பதினோராயிரம் மைலுக்கு மேல தண்டவாள அகலத்தை ரெண்டே நாள்ல மாத்துனாங்க. அங்க தண்டவாளத்தை மூணு அங்குலம் நகர்த்துனா போதும், நம்ம கதை வேறதான். ஆனா ஆணியை முன்கூட்டியே அடிச்சு, ஆளை வரிசையா நிறுத்தி, எல்லாம் தயார் பண்ணிட்டுத்தான் வண்டியை நிறுத்துனான். நாம வண்டியை நிறுத்திட்டுத்தான் தயாராகவே ஆரம்பிக்கிறோம். வயித்தெரிச்சல் அங்கதான்.

இன்னொண்ணு சொல்றேன். இதே லைனை ரெண்டாம் உலகப் போர் சமயத்துல வெள்ளைக்காரன் பிடுங்கிட்டுப் போனான். திரும்பப் போட 1950கள் ஆச்சு. அது யுத்தம், அதுக்கொரு காரணம் இருந்துச்சு. 2010ல எந்த யுத்தம் நடந்துச்சு?

அந்த வருஷமெல்லாம் நாங்க என்ன பண்ணுனோம்? மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல பஸ் பிடிக்க முண்டியடிச்சோம். உட்கார இடமில்லாம, கம்பியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டே கணவாய் வளைவுல ஆடி ஆடி வந்தோம். ஆபரேஷன் முடிஞ்சு வந்தவங்களும், கைக்குழந்தைக்காரங்களும் அதே பஸ்லதான். ரயில்னா காலை நீட்டிட்டாவது வந்திருப்பாங்க.

500 கோடிக்கு மேல செலவு பண்ணி 2022 மே 26ல தேனி வரைக்கும் திறந்தாங்க. மிச்சம் 15 கிலோமீட்டர் போடிக்கு 2023 ஜூன் 15ல. சோதனை ஓட்டம் வந்தப்பவெல்லாம் ஜனம் கூடி நின்னு வேடிக்கை பார்த்துச்சு. ரயிலையே பார்க்காம பள்ளிக்கூடத்துல பாதியைத் தாண்டிட்ட பிள்ளைங்கய்யா அதுக, பார்க்காம என்ன செய்யும்?

இவ்வளவும் பண்ணிட்டு விட்ட பாசஞ்சர் வண்டி இருக்கே! காலையில மதுரையில கிளம்பி இங்க வரும், சாயங்காலம் இங்கிருந்து மதுரைக்குப் போகும். ஆஸ்பத்திரிக்கும், கோர்ட்டுக்கும், காலேஜுக்கும் காலையில மதுரைக்குப் போறது நாங்க. சாயங்காலம் வீடு திரும்புறதும் நாங்க. நேர் எதிரா வண்டியை விட்டுட்டு, "கூட்டமே இல்லையே"ன்னு எங்களையே கேட்பாங்க. சென்னை வண்டி வாரத்துல மூணு நாள்னு கொடுத்தாங்க, அது நல்லதுதான், குறை சொல்லல. அன்னாடம் மதுரைக்குப் போய் வர்றவனுக்கு அதனால என்ன பிரயோஜனம்?

காலை ஆறு மணிக்குப் போடியில இருந்து ஒண்ணு, சாயங்காலம் ஆறு மணிக்கு மதுரையில இருந்து ஒண்ணு. அவ்வளவுதான் கேக்குறோம். இதுக்கு மலையையும் வெட்ட வேண்டாம், பாலமும் கட்ட வேண்டாம். டைம்டேபிள்ல ரெண்டு வரி எழுதணும். அதுக்கும் பன்னிரண்டு வருஷம் ஆகும்னா இப்பவே சொல்லிடுங்க.