ரெண்டும் ஒண்ணுதான் சார், தைரியமா எடுத்துட்டுப் போங்க

ஒண்ணு கிடையாது. டை ராட் எண்டுன்னா, ஸ்டீயரிங்லேர்ந்து வர்ற கம்பியை முன் சக்கரத்தோட சேர்க்கற முனை. என் காருக்கு இடது பக்கத்துது வேற, வலது பக்கத்துது வேற. ஒண்ணு இந்தப் பக்கம் வளையும், இன்னொண்ணு அந்தப் பக்கம் வளையும். ஒண்ணாங்கிளாஸ் பையன் கையில குடுத்தாக்கூட சொல்லிடுவான். புதுப்பேட்டையில, பொறந்ததுலேர்ந்து ஸ்பேர் பார்ட்ஸுக்கு நடுவுலயே உக்காந்திருக்கற அந்தக் கடை அண்ணனுக்குத் தெரியல. "லெஃப்ட் ரைட் எல்லாம் சும்மா சார், ரெண்டும் ஒண்ணுதான்"னு சொல்லி ரெண்டு வலதைக் கட்டிக் குடுத்திருக்கார். ஒட்டின அட்டைப்பெட்டி. பிரிச்சா ரிட்டர்ன் கிடையாதுன்னு பில்லுலயே மிரட்டல். கட்டிக் குடுக்கும்போது ஒரு சிரிப்பு வேற.

இது எப்பத் தெரிஞ்சுது? இடது பக்கத்துப் பழசைக் கழட்டினதுக்கு அப்புறம். கழட்டினேன்னு சொல்றதே பொய். அறுத்தேன்.

மெக்கானிக்கிட்ட விட வேண்டியதுதானேன்னு கேக்கறவங்களே, விட்டேன். முன் சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்துல ஒன்பது மணி, மூணு மணி இருக்கற இடத்துல ரெண்டு கையாலயும் பிடிச்சு ஆட்டினா டை ராட் எண்ட் போயிருக்கான்னு தெரிஞ்சுடும். பன்னெண்டும் ஆறும் பிடிச்சு ஆட்டினா பேரிங், பால் ஜாயிண்ட் கதை தெரியும். அரை நிமிஷ வேலை. ஒர்க்‌ஷாப் தம்பி சக்கரத்தைத் தொடக்கூட இல்ல. டேப்லெட்ல என்னத்தையோ தட்டிட்டு, "ஸ்டீயரிங் ரேக் அசெம்ப்ளியே மாத்திடலாம் சார்"ங்கறான். கதவு கீல் கத்துதுன்னா வீட்டையே இடிச்சுக் கட்டிடலாம்ங்கற ஞானம்!

சரி, நம்மளே பாத்துக்கலாம்னு ஞாயித்துக்கிழமை காலையில, வெயில் ஏறறதுக்கு முன்னாடி, ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில ஸ்டாண்டும் வச்சு (வெறும் ஜாக்கியை நம்பிக் கீழ கையை விடறவங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க) உக்காந்தேன்.

முதல் வில்லன் ஸ்பிளிட் பின். நட்டு தானா கழண்டுடக் கூடாதுன்னு அதோட வெட்டுல குறுக்க மாட்டியிருக்கற குட்டிக் கம்பி. புதுசு வாங்கினா டீ செலவுகூட ஆகாது. பின்னோட வளைஞ்ச காலை நிமிர்த்தலாம்னு கட்டிங் பிளேயரை வச்சேன், கால் கையோட வந்துடுச்சு. தலையைப் பிடிச்சு இழுத்தேன், தலை வந்துடுச்சு. நடு உடம்பு மட்டும் ஓட்டைக்குள்ள சொகுசா இருக்கு. ஆணி வச்சுத் தட்டினேன், ஆணி வளைஞ்சுது. பெரிய ஆணி வச்சேன், அது ஓட்டைக்குள்ளயே போகல. சின்ன ட்ரில் பிட் போட்டுக் குடைஞ்சா, பிட் முனை உடைஞ்சு உள்ள மாட்டிக்கிச்சு. இப்ப ஓட்டைக்குள்ள ரெண்டு பேர் குடித்தனம்.

இந்த நேரத்துக்குன்னே காபி டம்ளரோட வந்து நிப்பாரு கீழ் வீட்டு ரிட்டயர்டு சார்.

"துரு இளக்கற ஸ்ப்ரே அடிச்சீங்களா?"

"அடிச்சேன் சார்."

"ராத்திரியே அடிச்சு ஊற விட்டிருக்கணும்."

"ராத்திரியே அடிச்சு ஊற விட்டேன் சார்."

ஒரு வாய் காபி. "அப்ப ரொம்ப ஊறிடுச்சோ என்னமோ."

பின்னை எடுக்கற ஆசையை விட்டுட்டு, ரிங் ஸ்பேனரை மாட்டி, அது வாலுல பழைய ஜி.ஐ. பைப்பைச் சொருகி, காலால சுவத்தை உதைச்சுக்கிட்டு இழுத்தேன். டொக்! பின் உள்ளயே அறுந்து நட்டு நகந்துது. அந்த டொக் சத்தம் இருக்கே, அதைக் கேட்டு ஜெயிச்சுட்டோம்னு நெனைக்காத வீட்டு மெக்கானிக் கிடையாது. நட்டு கொஞ்சம் தளந்ததும் நக்கிளோட (சக்கரத்தைத் தாங்கற இரும்பு) பக்கவாட்டுல சுத்தியால ஒரே அடி. டேப்பர், அதான் அதுக்குள்ள கூம்பு மாதிரி இறுகி உக்காந்திருந்த தண்டு, விட்டுடுச்சு. இழுத்துக் கழட்டற புல்லர்கூட தேவைப்படல. ரிட்டயர்டு சாரே ஆச்சரியமா டம்ளரை இறக்கினார்.

அங்கதான் சனியன் ஆரம்பிச்சுது. நட்டு இனிமே போக வேண்டிய மரை பூரா வெளியில நீட்டிக்கிட்டு இருந்த பகுதி. வருஷக்கணக்கா உப்புக்காத்து குடிச்ச மரை. நட்டு அங்க போய் இறுகிக்கிச்சு. நான் நட்டைச் சுத்தினா நடுத்தண்டும் கூடவே சுத்துது. டேப்பர் இறுக்கமா உக்காந்திருந்தா தண்டைப் பிடிச்சு வச்சிருக்கும். அதைத்தான் நான் அடிச்சு விட வச்சாச்சே! விடணும்னு கெஞ்சினா விடாது, விடக் கூடாதப்ப ஒரே அடியில விடும். நட்டு சுத்துது, தண்டு சுத்துது, ஸ்பேனர் சுத்துது, என் தலையும் சுத்துது. மில்லிமீட்டர்கூட நகரல.

இதுக்கு ஒரு வைத்தியம் இருக்கு. ஜாயிண்ட்டை ஜாக்கியால கீழேர்ந்து அழுத்தினா டேப்பர் திரும்பவும் இறுகி தண்டு நிக்கும். அழுத்தினேன். நின்னுது. நட்டும் சேர்ந்து நின்னுது. பைப்பைப் போட்டு இழுத்தேன், ரெண்டும் சேர்ந்து சுத்துது. இன்னும் அழுத்தினேன், வண்டியே ஸ்டாண்டை விட்டு லேசா எழும்புச்சு. போதும்டா சாமின்னு இறக்கிட்டேன்.

"அந்தாண்டப் பக்கமா சுத்திப் பாருங்களேன்," ரிட்டயர்டு சார்.

அதுக்குள்ள ரெண்டாவது மாடி ஐ.டி. தம்பி ஃபோனை நீட்டறான். அமெரிக்காவுல ஒருத்தன் இதே வேலையைப் பண்றான். வண்டி தலைக்கு மேல தொங்குது, நட்டு பளபளன்னு வெள்ளியில செஞ்சு வச்சிருக்கு, ரெண்டு விரலால சுத்திக் கழட்டிட்டு "சோ ஈஸி"ங்கறான். தம்பி, அந்தாளை ஒரே ஒரு வருஷம் கொட்டிவாக்கத்துல, கடலைப் பாத்த வீட்ல, வண்டியை வெளியில நிறுத்தி வாழச் சொல்லு. அப்புறம் பாப்போம் ஈஸி. இங்க பால்கனி கம்பி உதிருது, ஏ.சி. ஸ்டாண்டு உதிருது. போதாக்குறைக்கு 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்ப இந்த வண்டி சக்கரம் முழுகத் தண்ணியில நின்னுது. ரப்பர் உறை, அதான் டஸ்ட் பூட், கிழிஞ்சு, கிரீஸ் போய், தண்ணி உள்ள போய்க் குடியேறின ஜாயிண்ட் இது.

துருவை மட்டும் சொல்லி என்ன பண்ண? எங்க தெரு வேகத்தடையைச் சொல்லணும். ஐ.ஆர்.சி. 99ன்னு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸோட ஒரு விதிமுறை இருக்கு. வேகத்தடைன்னா 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், வண்டி 25 கிலோமீட்டர் வேகத்துல மெதுவா ஏறி எறங்கணும். எங்க தெருவுல ஒரு முழ அகலத்துக்குச் சுவரே கட்டி வச்சிருக்காங்க. பெயிண்ட் கிடையாது. ராத்திரியில நம்ம மண்டை கூரையில இடிச்சப்புறம்தான் அது இருக்கறதே தெரியும். டை ராட் எண்ட் ஏன் போகாது?

கடைசியில ஆக்சா பிளேடு. இருக்கற இடுக்குல ஃபிரேம் நுழையல, வெறும் பிளேடைத் துணி சுத்திப் பிடிச்சு அறுத்தேன். பிளேடு உடைஞ்சா அடுத்தது. அறுத்து முடிச்சு, லாக் நட்டைத் தளர்த்தி, பழைய எண்ட் எத்தனை சுத்துல கழண்டு வருதுன்னு ஒண்ணொண்ணா எண்ணி சாக்பீஸால தரையில எழுதி வச்சேன். புதுசையும் அத்தனை சுத்து ஏத்தினா டோ, அதாவது முன் சக்கரங்க உள்ள வெளிய பாக்கற கோணம், பெருசா மாறாது, அலைன்மெண்ட் கடை வரைக்கும் வண்டி ஒழுங்காப் போகும். எவ்ளோ பொறுப்பு பாருங்க! அப்புறம்தான் பெட்டியைப் பிரிச்சேன். அந்த எண்ணிக்கையை வச்சு இனி நாக்கு வழிக்கவா?

கடை லீவு. செல்லுல பிடிச்சேன்.

"அப்படியா சார்? திருப்பிப் போட்டுப் பாத்தீங்களா?"

"எப்படிண்ணே திருப்பறது? தண்டு கீழ போயிடும்."

கொஞ்ச நேரம் யோசிச்சார். "அப்ப உங்க வண்டி வேற மாடலா இருக்கும் சார்."

நம்ம வண்டிதான் தப்பாப் பொறந்திருக்கு. பார்ட் கரெக்ட்.

ஃபோனை வச்சு, கை கிரீஸைத் துடைக்கறதுக்குள்ள திரும்ப அடிக்குது. அண்ணன்தான் மனசு மாறிட்டார்னு மூக்கால தேய்ச்சு எடுத்தா, ஒரு பொண்ணு. "சார் வணக்கம், உங்க பழைய காரை நல்ல விலைக்குக் குடுக்கற ஐடியா இருக்குங்களா சார்?"

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. தரையில உக்காந்து சிரிக்கறேன், ரிட்டயர்டு சார் பயந்து ரெண்டடி பின்னாடி போறார்.

"வண்டி ரன்னிங் கண்டிஷன்ல இருக்குங்களா சார்?"

"ஓடும்மா. திரும்பாது."

"ஓகே சார், நோட் பண்ணிக்கறேன் சார்."

நிஜமாவே நோட் பண்ணிக்கிச்சு!

ஆமா, கேக்கறேன், 1909க்கு மெசேஜ் அனுப்பி எந்த விளம்பரமும் வேணாம்னு பதிஞ்சவனுக்கு இதெல்லாம் எப்படிங்க வருது? முந்தாநாள் ஒருத்தன், மனை விக்கறானாம், "சென்னைக்கு மிக அருகில் சார்". எங்கப்பான்னா திண்டிவனம் தாண்டிங்கறான். டேய், திண்டிவனமே 120 கிலோமீட்டர்டா!