மளிகைக்கடைக்குள் நாய் வேண்டாம்

இதைச் சொன்னால் நாய் வளர்க்கிற நண்பர்கள் சிலர் கோபித்துக்கொள்வார்கள் என்று தெரியும், பரவாயில்லை. எங்கள் வீட்டிலும் கன்னி இனத்து நாட்டு நாய் ஒன்று இருக்கிறது, வீட்டுப் பிள்ளை மாதிரிதான் வளர்கிறது, அதனால் "உனக்கு நாயே பிடிக்காது, அதான் பேசுற" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். வளர்க்கிற நாயை மளிகைக்கடைக்குள்ளும் சூப்பர் மார்க்கெட்டுக்குள்ளும் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. பார்வையில்லாதவருக்கு வழிகாட்டவென்றே பழக்கிய நாய் வந்தால் அது வேறு, அதற்குக் கதவைத் திறந்துவிட வேண்டியது நம் கடமை. மற்றபடி எந்த நாயும் உள்ளே வேண்டாம்.

முன்பெல்லாம் மதுரையில் இந்தப் பேச்சே எழுந்ததில்லை. கீழமாசி வீதியானாலும் சரி, தெருமுனை அண்ணாச்சி கடையானாலும் சரி, நாம் வெளியே நின்று சீட்டை நீட்டுவோம், சாமான் உள்ளேயிருந்து வரும். பின்னாடியே நாய் வந்தாலும் வாசலோடு நின்றுவிடும். இப்போது கே.கே.நகர், அண்ணா நகர், பைபாஸ் ரோடு என்று எந்தப் பக்கம் போனாலும் நாமே உள்ளே நடந்து எடுத்துக்கொள்கிற கடைகள். உளுந்தும் துவரம்பருப்பும் வாயைச் சுருட்டி வைத்த சாக்கில், வெங்காயமும் உருளைக்கிழங்கும் கீழ்த்தட்டுக் கூடையில், எல்லாம் நம் முழங்கால் உயரத்தில். நாயின் மூக்கும் அதே உயரத்தில்தான் இருக்கிறது.

அப்படி ஒரு கடையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கூட்டமான நேரம், ஒரு குடும்பம் நல்ல கொழுகொழு லேப்ரடார் ஒன்றோடு வந்தது. அழகான நாய், குறை சொல்ல முடியாது. அவர்கள் எண்ணெய் பாக்கெட்டில் விலையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அது உளுந்துச் சாக்குக்குள் மூக்கை விட்டு, மாவு ஏறியதோ என்னவோ, உள்ளேயே தும்மியது. பக்கத்தில் நின்று எடை போடுகிற பையன் பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் நகர்ந்த பிறகு மேலாக இரண்டு கரண்டி உளுந்தை அள்ளி ஒரு கவரில் போட்டு மேசைக்கு அடியில் தள்ளினான், தள்ளிவிட்டு சூப்பர்வைசர் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்தான். அந்தப் பக்கம் ஒரு அம்மா, இடுப்பில் குழந்தையோடு, சேமியா அடுக்கியிருந்த ரேக்கில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கிறார். "ஒன்னும் பண்ணாதுக்கா, பயப்படாதீங்க" என்று நாய்க்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இந்த "ஒன்னும் பண்ணாது" என்கிற பேச்சைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் நாயின் குணத்தை யாரும் குறை சொல்லவில்லை. சின்ன வயதில் கடிபட்டவருக்கு நாயைப் பார்த்ததும் கை நடுங்கத்தான் செய்யும், நீங்கள் சொல்கிற உறுதிமொழி அவர் உடம்புக்குக் கேட்காது. நாய் முடியும் எச்சிலும் ஒத்துக்கொள்ளாமல் மூச்சு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண்ணால் கழுவ வேண்டும் என்று கடைப்பிடிக்கிற இஸ்லாமியக் குடும்பங்கள் நம் ஊரில் நிறைய உண்டு, அவர்களும் அதே சாக்கிலிருந்துதான் உளுந்து வாங்குகிறார்கள். பூங்காவில் நாய் பிடிக்காதவர் வேறு பக்கம் போய்க்கொள்ளலாம். அரிசி பருப்பு வாங்காமல் யார் இருக்க முடியும்?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006-இல் வந்தது. அதன்கீழ் 2011-இல் வந்த உரிமம், பதிவு விதிமுறைகளின் நான்காம் அட்டவணையில், விலங்குகள், பறவைகள், வளர்ப்புப் பிராணிகளை உணவு நிறுவன வளாகத்துக்குள் அனுமதிக்கக் கூடாது என்று இருக்கிறது. கல்லாவுக்குப் பின்னால் ஃபிரேம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார்களே, 14 இலக்க எண்ணோடு ஒரு உரிமச் சான்றிதழ், அதில் வருகிற பொறுப்புதான் இது. நாயை உள்ளே விட்டால் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்.

"அமெரிக்காவில் எல்லாம் விடுகிறார்கள்" என்று ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். அங்கே 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி, ஒரு குறிப்பிட்ட உதவிக்காகப் பழக்கப்பட்ட நாயைத்தான் கடையில் தடுக்கக் கூடாது. கூட இருந்தால் மனசுக்கு ஆறுதல் என்பதற்காக வளர்க்கிற நாய் அந்தக் கணக்கில் வராது. பழக்கிய நாயா என்று பார்த்தவுடன் தெரியாவிட்டால் கடை ஊழியர் இரண்டே கேள்வி கேட்கலாம்: உடல்நலக் குறைபாட்டுக்காகத் தேவைப்படும் நாயா, என்ன வேலைக்குப் பழக்கியிருக்கிறீர்கள். அங்கேயும் பலர் 'உதவி நாய்' என்று எழுதிய மேல்சட்டையை ஆன்லைனில் வாங்கி மாட்டிவிட்டு சாதாரண நாயை உள்ளே கூட்டிப்போவதும், அதனால் உண்மையிலேயே நாயின் துணையோடு வருகிறவர்கள் சந்தேகப் பார்வையைத் தாங்க வேண்டியிருப்பதும் பெரிய புகார்.

அப்புறம், "கடையில் எலி ஓடுகிறதே, பூனை மூட்டை மேல் படுத்துத் தூங்குகிறதே, அதைக் கேட்டீர்களா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். அதையும் கேட்க வேண்டும், எலிக்காய்ச்சல் விளையாட்டு விஷயமில்லை. அதே விதிமுறை அந்தக் கடையையும் கட்டுப்படுத்துகிறது. ஆனால் எலி இருக்கிறதே என்று நாயையும் சேர்த்து விடச் சொல்வது எனக்குப் புரியவில்லை.

கடிக்கு வருகிறேன். மிக அமைதியான நாய்கூட, ட்ராலிச் சக்கரம் பாதத்தில் ஏறினால், குழந்தை வாலை மிதித்தால், சட்டென்று திரும்பும். பல் லேசாகப் பட்டாலும் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், பிறகு பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். முதல் நாள், அப்புறம் 3, 7, 28-ஆம் நாள் என்று ஊசி. உங்கள் நாய்க்கு வருடாவருடம் தடுப்பூசி போட்டிருந்தாலும், பெரும்பாலும் டாக்டர்கள் ஊசியை ஆரம்பித்துவிடுவார்கள், ஏனென்றால் ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். மளிகை வாங்க வந்தவருக்கு இந்த அலைச்சல் எதற்கு?

நாயின் பக்கம் நின்று பார்த்தாலும் கடை அதற்கு நல்ல இடமில்லை. இதை நாய் வளர்க்கிறவர்கள் பாதிப் பேர் யோசிப்பதே இல்லை. உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், வெங்காயமும் பூண்டும் அதன் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும், சாக்லேட் அதற்கு விஷம். இவை எல்லாம் சிந்திக் கிடப்பது கடைத் தரையில்தான். ரேக்குக்கு அடியில் எலிக்கு வைத்த மருந்து கேக் இருக்கும், உங்கள் கண்ணுக்குத் தெரியாது, அதன் மூக்குக்குத் தெரியும். வழவழ டைல்ஸில் நகம் வழுக்கும், பினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடந்துவிட்டு வீட்டுக்கு வந்து பாதத்தை நக்கும். இவ்வளவும் அதற்கு எதற்காக? நாம் செல்லமாகக் கூட்டிப்போனோம் என்பதற்காக.

அதற்காக வெளியே வெயிலில் கட்டிப்போட்டுவிட்டுப் போகாதீர்கள், காரில் கண்ணாடியை ஏற்றி அடைத்துவிட்டும் போகாதீர்கள். சித்திரை வெயிலில் நம் ஊர் 40 டிகிரியைத் தொடும், மூடிய கார் சில நிமிடத்தில் அடுப்பாகிவிடும், நாய் செத்தே போகும். இரண்டு பேராகப் போனால் ஒருவர் நிழலில் பிடித்துக்கொண்டு நிற்கலாம். தனியாள் என்றால் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள், இல்லை போனில் லிஸ்ட்டைச் சொன்னால் அநேகமாக எல்லாக் கடையிலும் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

கடை முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். வாசலில் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு போர்டு வையுங்கள்: "வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை, பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்க்கு அனுமதி உண்டு." வைத்துவிட்டு, எடை போடுகிற பையனையும் பில் போடுகிற பொண்ணையும் கூப்பிட்டு, யார் நாயோடு வந்தாலும், எவ்வளவு பெரிய வாடிக்கையாளரானாலும், நீங்கள் தடுக்கலாம், அதற்காக உங்களை நான் திட்டமாட்டேன் என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.