வெளிநாட்டு ஸ்கூல் வேலைக்குக் கிளம்பும் நம்ம ஊர் டீச்சர்மாருக்கு

குமரி மாவட்டத்தில் பி.எட். முடித்தவர் இல்லாத தெருவைக் காண்பது கஷ்டம். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. படித்த அளவுக்கு இங்கே சம்பளம் இல்லை. தனியார் பள்ளியில் எம்.எஸ்ஸி., பி.எட். படித்தவர் வாங்கும் பணம் பஸ் செலவுக்கும் பிள்ளைகள் பீஸுக்கும் சரியாகப் போய்விடுகிறது. அதனால் கல்ஃப், மாலத்தீவு என்று பேச்சு எழுவதில் எந்தத் தப்பும் இல்லை. போகிற விதத்தில்தான் எனக்கு வருத்தம். முதலில் ஏஜெண்டைப் பிடிக்கிறார்கள். வேலை உறுதியான பிறகு சர்ட்டிபிகேட்டைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். அப்போதுதான் ஒவ்வொரு ஓட்டையாகத் தெரிகிறது. பள்ளி கொடுத்த தேதிக்குள் அடைக்க முடியாமல் வேலை கைவிட்டுப் போகிறது. பாடம் நடத்தத் தெரியாததால் வேலையை இழந்தவர்களை விட, பேப்பர் சரியில்லாமல் இழந்தவர்கள்தான் நம்ம மாவட்டத்தில் அதிகம் என்பது என் கருத்து.

பெயரிலிருந்து ஆரம்பிக்கலாம். நமக்கு இனிஷியல் பழக்கம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ‘மேரி செல்வி எஸ்.’, டிகிரியில் ‘எஸ். மேரி செல்வி’, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து நிற்கும், அல்லது சர்நேம் கட்டம் காலியாக இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட் எடுத்திருந்தால் அப்பா பெயர் இருந்த இடத்தில் வீட்டுக்காரர் பெயர். நமக்கு இது எல்லாமே ஒரே ஆள்தான். தூதரக கவுண்டரில் இருப்பவருக்கு மூன்று பேர். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் வர முடியாது என்று அறிவித்தபோது ஏர்போர்ட் வரை போய்த் திரும்பியவர்கள் உண்டு. எனவே முதல் வேலை, பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தை நிரப்புவது, இனிஷியலை விரித்து எழுதுவது. கல்விச் சான்றிதழில் உள்ள இனிஷியல் எதன் சுருக்கம் என்பதற்கு நோட்டரி அஃபிடவிட் ஒன்று எடுத்து வையுங்கள். எழுத்தே மாறியிருந்தால் அஃபிடவிட் போதாது. அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டிவரும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

அடுத்தது லேமினேஷன். பெட்டியில் பத்திரமாக இருக்கட்டும் என்று டிகிரியை லேமினேட் செய்து வைத்திருப்போம். அட்டஸ்டேஷன், அதாவது சான்றிதழ் உண்மையானதுதான் என்று அரசு தரும் சான்றொப்பம், அதன் முத்திரையும் ஸ்டிக்கரும் சான்றிதழின் பின்பக்கத் தாளில் விழவேண்டும். பிளாஸ்டிக் மேல் விழாது. வீட்டில் இஸ்திரிப் பெட்டி வைத்துச் சூடாக்கி உரிக்கப் போனால் மை பிளாஸ்டிக்கோடு வந்துவிடும், கையெழுத்து பாதி போய்விடும். தயவுசெய்து உரிக்காதீர்கள். அட்டஸ்டேஷன் எடுத்துப் பழகிய இடத்தில் கேளுங்கள். முடியாது என்றால் பல்கலைக்கழகத்தில் டூப்ளிகேட் வாங்குவதுதான் வழி. இன்னும் லேமினேட் பண்ணாதவர்கள் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு வைத்தால் போதும்.

அட்டஸ்டேஷனில் நம்ம மாவட்டத்துக்கென்றே ஒரு குழப்பம் உண்டு. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் பலர் டிகிரியை நாகர்கோவிலிலும் பி.எட்.டைத் திருவனந்தபுரத்திலும் படித்திருப்பார்கள். மாநில அளவிலான சான்றொப்பம், சான்றிதழ் கொடுத்த பல்கலைக்கழகம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கேதான். கேரளப் பல்கலைக்கழகச் சான்றிதழுக்குத் திருவனந்தபுரத்தில் நோர்க்கா என்ற கேரள அரசு அமைப்பு. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகச் சான்றிதழுக்கும் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகச் சான்றிதழுக்கும் சென்னை. ஒரே ஆளின் இரண்டு சான்றிதழ் இரண்டு திசையில் ஓடும். பக்கத்தில் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் நோர்க்காவுக்குக் கொண்டுபோனால் தமிழ்நாட்டுச் சான்றிதழ் திரும்பி வந்துவிடும். மாநிலம் முடிந்தபின் வெளியுறவு அமைச்சகம். அவர்கள் அங்கீகரித்த ஏஜென்சிகள் வழியாகத்தான் வாங்குவார்கள். அதற்குப் பிறகு போகிற நாட்டைப் பொறுத்து வழி பிரிகிறது. ஓமான், பஹ்ரைன், 2022 டிசம்பரிலிருந்து சவூதி ஆகிய நாடுகளுக்கு அப்போஸ்டில் ஸ்டிக்கர், அதாவது தூதரக முத்திரை இல்லாமலே அந்த நாடுகள் ஏற்கும் சான்றொப்பம். அமீரகம், கத்தார், குவைத்துக்கு அந்தந்தத் தூதரக முத்திரையும் வேண்டும். அப்போஸ்டிலுக்கு அரசு வாங்குவது ஆவணத்துக்கு 50 ரூபாய்தான்; மீதியெல்லாம் ஏஜென்சி கூலி. அதனால் நாலு இடத்தில் விலை கேளுங்கள்.

முத்திரை குத்தினால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பல நாடுகள் பட்டம் உண்மைதானா என்று பல்கலைக்கழகத்திலேயே கேட்கும். எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, ரெகுலரா தபால் வழியா, எந்தக் கல்லூரி என்று தெளிவாக எழுதிய கடிதம் கேட்பார்கள். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கும் அபிஷேகப்பட்டிக்கு ஒரு நடை, சென்னைக்கு ஒரு நடை என்று இதற்கும் நேரம் ஒதுக்குங்கள். தபால் வழியில் எம்.ஏ., எம்.எஸ்ஸி. முடித்தவர்கள் கவனமாக இருங்கள். வளைகுடாவில் பல இடங்களில் அதற்குச் சமநிலைச் சான்று, அதாவது அந்த நாட்டுப் பட்டத்துக்குச் சமம் என்ற சான்று, கிடைப்பது கடினம். ரெகுலர் டிகிரியும் ரெகுலர் பி.எட்.டும் இருந்தால் அந்தத் தகுதிக்கு விண்ணப்பியுங்கள். தபால் வழி முதுநிலையைக் காட்டிப் பிளஸ் டூ வகுப்பு கேட்டுப் பிறகு மாட்டிக்கொள்ள வேண்டாம்.

போலீஸ் சான்றிதழ் விஷயத்தில் பலர் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் எடுத்ததை நீட்டுகிறார்கள். அது உள்ளூர் வேலைக்கு. வெளிநாட்டுக்குப் பாஸ்போர்ட் சேவை வழியாக எடுக்கும் பி.சி.சி.தான் வேண்டும், கட்டணம் 500 ரூபாய். இதைச் சீக்கிரம் எடுத்து வைக்காதீர்கள், பழையது என்று தள்ளிவிடுவார்கள். நேர்காணல் முடிந்து ஆஃபர் வரும் நேரத்தில் எடுப்பது சரி. மெடிக்கலில் நெஞ்சு எக்ஸ்ரேதான் பெரிய கண்டம். சின்ன வயதில் காசநோய் வந்து முழுக்கக் குணமான பிறகும் தழும்பு தெரிந்தால் வளைகுடா மெடிக்கலில் அன்ஃபிட் போட்டுவிடுவார்கள். அப்படி ஒரு சந்தேகம் இருப்பவர், வேலையை ராஜினாமா செய்யும் முன்பே ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடட்டும். கத்தாருக்கு மெடிக்கல், கைரேகை, ஒப்பந்தக் கையெழுத்து எல்லாமே கத்தார் விசா மையத்தில் நடக்கும். நமக்குக் கொச்சியோ சென்னையோ. அங்கே திரையில் காட்டும் ஒப்பந்தமும் பள்ளி அனுப்பிய ஆஃபரும் ஒன்றுதானா என்று வரிவரியாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வரிசையில் பின்னால் ஆள் நிற்கிறாரே என்று அவசரப்பட வேண்டியதில்லை.

இப்போது பள்ளிகளுக்கு வருகிறேன். சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் நடத்தும் வளைகுடா இந்தியப் பள்ளிகளில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். ஆள் எடுப்பு ஜனவரி முதல் மார்ச் வரை. பிரிட்டிஷ், ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்), அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகள் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும். அவர்கள் முந்தைய நவம்பரிலேயே தேட ஆரம்பித்துவிடுவார்கள். நம்ம ஊர் ஜூன் கணக்கை வைத்து மே மாதம் விண்ணப்பித்தால் இரண்டும் கைநழுவிப் போயிருக்கும், மிச்சம் மீதிதான் கிடைக்கும். சம்பளத்தில் இரண்டு வகைப் பள்ளிக்கும் பெரிய இடைவெளி உண்டு. ஆனால் இந்தியப் பாடத்திட்டத்திலிருந்து நேராக ஐ.பி. பள்ளிக்குத் தாவுவது அபூர்வம். முதலில் பத்தாம் வகுப்பு அளவிலான பிரிட்டிஷ் தேர்வான கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. நடத்தும் பள்ளி ஒன்றில், இந்தியாவிலேயே என்றாலும் பரவாயில்லை, இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டால் கதவு திறக்கும். கணக்கு, இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர் டீச்சர்மாருக்கு வாய்ப்பு அதிகம். ஆங்கில டீச்சர்மாருக்குச் சில நாடுகளில் பாஸ்போர்ட்டே தடை. சீனாவில் ஆங்கிலம் கற்பிக்கும் விசாவுக்கு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டவரைத்தான் எதிர்பார்க்கிறார்கள். வேறு பாடம் என்றால் டிகிரியும் அனுபவமும் கொண்டு முயலலாம்.

நல்ல பள்ளி எதுவும் உங்கள் தலைமை ஆசிரியரிடம் விசாரிக்காமல் எடுக்காது. குழந்தைப் பாதுகாப்பு காரணமாக இதில் அவர்கள் கறாராக இருப்பார்கள், இருக்கவும் வேண்டும். ரகசிய ரெஃபரன்ஸ் படிவம் பள்ளியின் அதிகாரபூர்வ ஈமெயிலுக்குப் போகும். நம்ம ஊரில் பல பள்ளிகளுக்கு ஜிமெயில்தான், அதையும் திறந்து பார்ப்பவர் ஆபீஸ் கிளார்க். பதில் போகாமல் பத்து நாள் கிடந்தால் அடுத்த ஆளுக்கு ஆஃபர் போய்விடும். ஹெச்.எம்.மிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது மரியாதையும்கூட. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டைப் பள்ளியில் கொடுத்து வைத்திருப்பவர்கள் நிலைமைதான் மோசம். வருடக்கடைசி வரை தரமாட்டோம் என்று பிடித்து வைப்பது நியாயமே இல்லாத வழக்கம். சேரும்போதே நகலைக் கொடுத்து ஒரிஜினலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள். பயோடேட்டாவில் இடைவெளி இருந்தால் பிரசவம், அம்மாவைப் பார்த்துக்கொண்டது என்று உள்ளதை எழுதுங்கள். மறைத்த இடைவெளிதான் சந்தேகம் கிளப்பும்.

டெமோ வகுப்பு பெரும்பாலும் இருபது நிமிடம்தான். நம்மவர்கள் அதில் பதினெட்டு நிமிடம் பேசிவிடுகிறார்கள். அவர்கள் பார்க்க விரும்புவது பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதை. மூன்று நிமிடம் விளக்கம், பிறகு ஒரு சின்ன வேலை, வேகமாக முடிக்கும் பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு கேள்வி, திணறுகிற பிள்ளைக்கு ஒரு துணைச்சீட்டு, கடைசியில் புரிந்ததா என்று சோதிக்க ஒரு கேள்வி. இவ்வளவு இருந்தால் போதும். பிள்ளை ஒருத்தி உங்களிடம் வீட்டுக் கொடுமையைச் சொல்லி யாரிடமும் சொல்லாதீங்க என்றால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி அநேகமாக வரும். ரகசியம் காப்பேன் என்று பதில் சொன்னால் அத்தோடு நேர்காணல் முடிந்தது. பள்ளியின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றே எழுத்தில் தெரிவிப்பேன் என்பதுதான் பதில்.

ஒப்பந்தத்தில் மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். பேசிக் எவ்வளவு என்று பாருங்கள். அமீரகத்தில் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டு வரும்போது தரும் பணிக்கொடை, முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் பேசிக், அதற்குப் பிறகு 30 நாள். மொத்தம் 4,000 திர்ஹம் தரும் இரண்டு பள்ளிகளில் ஒன்றில் பேசிக் 1,500, மற்றதில் 2,500 என்று வையுங்கள். மூன்று வருடம் முடித்துத் திரும்பும்போது முதலாவதில் 3,150 திர்ஹம், இரண்டாவதில் 5,250. சம்பளம் பத்து மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா, கோடை விடுமுறை டிக்கெட் வருடத்துக்கு ஒன்றா இரண்டு வருடத்துக்கு ஒன்றா, தங்குமிடம் தனி அறையா ஒரு அறையில் நாலு கட்டிலா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். தகுதிகாண் காலம் அங்கே ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். விசாச் செலவையும் ஆளெடுப்புச் செலவையும் ஆசிரியரிடம் வசூலிக்கக் கூடாது என்பதும் சட்டம். பாஸ்போர்ட்டைப் பள்ளி வாங்கி வைக்கவும் கூடாது.

வீட்டுக்காரர் ஏற்கெனவே அங்கே இருந்து, அவர் விசாவில் போய் வேலை தேடும் டீச்சர்மார் நம்ம மாவட்டத்தில் நிறைய. பள்ளிகளுக்கு இது லாபம். விசாச் செலவு இல்லை, தங்குமிடம் இல்லை, டிக்கெட் இல்லை. அந்த லாபத்தில் ஒரு பங்கு சம்பளத்தில் வரவேண்டும் என்று தைரியமாகக் கேளுங்கள். வொர்க் பர்மிட் இல்லாமல் வகுப்பில் நிற்கச் சொன்னால் ஒரு நாள்கூட நிற்காதீர்கள்.

மாலத்தீவு நமக்குப் பக்கம். திருவனந்தபுரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் மாலே. பள்ளிகள் ஆங்கில வழி, பத்தாம் வகுப்பில் கேம்பிரிட்ஜ் தேர்வு. அந்த அனுபவம் பின்னால் எங்கும் செல்லும். அங்கே பணம் அனுப்புவதுதான் பாடு. சம்பளம் ருஃபியாவில். அரசு விகிதம் டாலருக்கு 15.42, ஆனால் டாலர் தட்டுப்பாட்டால் வங்கி மாதம் அனுப்ப விடும் தொகைக்கு வரம்பு உண்டு. மீதிக்கு வெளியே அதிக விலை கொடுத்து டாலர் வாங்க வேண்டும். ஏஜெண்ட் 15,420 ருஃபியாவை ஆயிரம் டாலர் என்று சொல்வார். வெளியே 20 கொடுத்து வாங்கினால் அது 771 டாலர்தான். மாலேயா தூரத்துத் தீவா என்பதையும் கேளுங்கள். சின்னத் தீவில் காய்கறி படகு வரும் நாளைப் பொறுத்தது, அவசரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி கிடையாது.

ஏஜெண்ட் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. உரிமம் பெற்றவர் சட்டப்படி வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். ரசீது கொடுக்க வேண்டும். லட்சக்கணக்கில் கேட்பவர், கையில் ரொக்கமாகத் தா என்பவர், டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவர், இந்த மூவரும் எவ்வளவு தெரிந்த ஆளானாலும், சபைக்காரரானாலும், சொந்தக்காரரானாலும் வேண்டாம். உரிம எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அங்கே பெயரைப் பதிந்து வைக்கவும் மறக்காதீர்கள்.

போனபின் இங்கே உள்ள சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழும் இந்தியர் உள்நாட்டு வரவுக்கு வைக்கும் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிவிட்டு, அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு தொடங்குங்கள். திரும்பி வரும்போது செய்யவேண்டிய இரண்டு வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பள்ளி தரும் அனுபவச் சான்றிதழில் பாடம், வகுப்பு, சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து, அந்த நாட்டிலேயே சான்றொப்பம் வாங்குங்கள். அந்த நாட்டுப் போலீஸ் சான்றிதழையும் விசா ரத்தாகும் முன்பே எடுத்துவிடுங்கள். அடுத்த பள்ளி, நீங்கள் இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒன்று கேட்கும். ஊருக்கு வந்தபின் கைரேகை எடுத்து, தூதரகம் வழியாக அனுப்பி வாங்குவதற்குள் வேலைக்குக் கொடுத்த கெடு முடிந்துவிடும்.