விலைக்கு வாங்கிய மின்னஞ்சல் பட்டியல் பற்றி ஒரு திருத்தம்

"பத்தாயிரம் மின்னஞ்சல் முகவரிய விலைக்கு வாங்கி ஒரே நாள்ல அனுப்புங்க, நூறு பேராவது கஸ்டமர் ஆவாங்க" என்று, கணக்கெழுதும் தொழிலுக்கு வாடிக்கையாளர் பிடிக்க ஒருவர் யோசனை சொல்லியிருப்பது தப்புக் கணக்கு. மெயிலைத் திறப்பவரெல்லாம் வாடிக்கையாளர் ஆகிவிட மாட்டார்.

அதைவிடப் பெரிய வம்பு வேறு. ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரியிலிருந்து விதிகள் இறுகிவிட்டன. ஸ்பாம் (வேண்டாத மெயில்) என்று வரும் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஆயிரத்துக்கு மூன்று பேர் ஸ்பாம் பொத்தானை அழுத்தினாலே போச்சு. பிறகு அதே டொமைனிலிருந்து (முகவரியில் @க்குப் பின்னால் வரும் பெயர்) பழைய வாடிக்கையாளருக்குப் போகும் இன்வாய்ஸும் ஸ்பாமில் போய் விழும். (பட்டவன் சொல்கிறேன். ஒரு மாதம் பணம் வரவில்லை.)

கணக்கெழுதுவது, சம்பளப் பட்டியல் போடுவது மாதிரி வேலைக்கெல்லாம் சிபாரிசுதான் எடுபடும். மாதக் கணக்கை முடித்துக் கொடுக்கும் அன்றே, "உங்களுக்குத் தெரிஞ்ச யாருக்காவது இது தேவைப்படுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.