பெரியவர் கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டும்

பழைய கப்பலைக் கரையில் உடைக்காமல் நம் கடலில் மூழ்கடித்துப் பாராக, அதாவது மீன் கூடும் கடலடித் திட்டாக, ஆக்கும் திட்டம் பற்றி நடந்த செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தின் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். யார் என்ன பேசினார் என்று நான் மறுபடி எழுத வேண்டியதில்லை. ஆனால் பாம்பன் பெரியவர் எழுந்து நின்று, "அந்தக் கப்பலுக்குள்ள என்னென்ன இருக்குங்கய்யா?" என்று கேட்டபோது, "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது, மீன் வரும், அது போதும்" என்று மேடையிலிருந்து வந்த பதில் என்னை இரண்டு இரவுகளாகத் தூங்கவிடவில்லை. கச்சான் காற்றுக்கு எந்தப் பாரில் மீன் நிற்கும், வாடைக்கு எங்கே நகரும் என்று வாழ்நாள் முழுவதும் கடலைப் படித்தவர் அவர். அன்றைக்குக் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே உருப்படியான கேள்வி அவருடையதுதான்.

பழைய கப்பல் வெறும் இரும்பு அன்று. இயந்திர அறைக் குழாய்களைச் சுற்றி, சூடு தாங்கும் ஆனால் மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் என்ற கல்நார் இருக்கும். பழைய கேபிள்களின் உறையில் பிசிபி என்ற நஞ்சு இருக்கும். அடிப்பகுதிப் பூச்சில் சிப்பியையும் பாசியையும் கொல்வதற்கென்றே கலந்த வெள்ளீயச் சேர்மம் இருக்கும். தொட்டிகளில் எண்ணெய்க் கசடு தங்கியிருக்கும். அமெரிக்கா 2006இல் ஓரிஸ்கனி என்ற விமானந்தாங்கிக் கப்பலை ஃபுளோரிடா அருகே மூழ்கடித்தபோது, பல மில்லியன் டாலர் செலவழித்துச் சுத்தம் செய்த பிறகும் கேபிள்களில் பிசிபி மிச்சம் இருந்தது. அதை இறக்கிய இடத்தில் ஆழம் ஏறத்தாழ 65 மீட்டர். நம் பாக் விரிகுடாவில் பெரும்பகுதி 15 மீட்டரைத் தாண்டாது. தெற்கே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா இருக்கிறது. எங்கே இறக்கப் போகிறீர்கள்? 1964 டிசம்பரில் தனுஷ்கோடியையே அழித்த கடல் இது. ஆழமில்லாத தரையில் கிடக்கும் கப்பல் அடுத்த புயலில் அசையாமல் கிடக்கும் என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்?

மெக்சிகோ வளைகுடாவில் வேலை முடிந்த நூற்றுக்கணக்கான எண்ணெய்க் கிணற்று மேடைகள் மீன் பார்களாகிவிட்டனவே என்று சிலர் கேட்கிறார்கள். ஆகியிருக்கின்றன. அவை திறந்த இரும்புச் சட்டங்கள். அவற்றின் கால்களில் பல ஆண்டுகளாகவே உயிர்கள் ஒட்டி வளர்ந்திருந்தன. மேடையைக் கரைக்கு இழுக்காமல் விடுவதால் நிறுவனத்திற்கு மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை அரசின் நிதிக்குக் கட்ட வேண்டும் என்ற ஏற்பாடும் அங்கே உண்டு. கடலில் விடுவது யாருக்கு லாபம் என்பதை அந்த ஏற்பாடே சொல்லிவிடுகிறது. ஐரோப்பாவின் வடகடலில் இருந்த பிரென்ட் ஸ்பார் என்ற பழைய மிதக்கும் எண்ணெய்த் தொட்டியை அட்லாண்டிக் ஆழ்கடலில் போடும் திட்டத்திற்கோ 1995இல் எதிர்ப்பு எழுந்து, 1998இல் அப்படி வீசுவதற்குப் பொதுத் தடையே வந்தது.

கப்பலைக் கரையில் உடைப்பது மட்டும் சுத்தமான தொழிலா என்று கேட்பவர்களுக்கு என் வீட்டிலிருந்தே பதில் சொல்கிறேன். நான் சிறுவனாக இருந்தபோது என் பெரியப்பா வாலிநோக்கத்தில் கப்பல் உடைக்கும் வேலைக்குப் போனார். கேஸ் தீயால் இரும்பை வெட்டும் வேலை. வெள்ளைப் பஞ்சு போன்ற ஒன்றைக் கப்பலிலிருந்து கொண்டுவந்து, சூடு தாங்கும் என்று பெரியம்மாவின் அடுப்படியில் வைத்தார். நாங்கள் அதைப் பிய்த்து விளையாடியிருக்கிறோம். கடைசிக் காலத்தில் அவர் மூச்சுக்குத் திணறியபோது, "எங்கே வேலை பார்த்தீர்கள், எதைத் தொட்டீர்கள்?" என்று மதுரையில் மருத்துவர் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. கப்பலில் என்ன இருக்கிறது என்று எந்த ஒப்பந்தக்காரரும் அவரிடம் சொன்னதில்லை.

ஆகவே உடைப்பதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் கரையில் உடைத்தால் நஞ்சு கண்ணுக்குத் தெரியும், எடை போடலாம், பொறுப்பாளியைப் பிடிக்கலாம். சிமென்ட் தளம் போட்டு, கசடு கடலில் வடியாமல், உரிய பாதுகாப்போடு உடைக்க வழி இருக்கிறது. மூழ்கடித்துவிட்டால் யாரைப் பிடிப்பது? 2023இல் பிரேசில் தன் பழைய விமானந்தாங்கிக் கப்பலை, ஆஸ்பெஸ்டாஸ் உள்ளே இருப்பது தெரிந்தும், அட்லாண்டிக்கில் மூழ்கடித்தது. இனி அதை யார் போய் எடுப்பார்?

நாங்கள் பாருக்கு எதிரிகள் அல்லர். மீனவரைக் கேட்டு, இடம் பார்த்து, சிமென்ட் வார்ப்புகளை இறக்கினால் நானே படகில் வருகிறேன். "பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கு விற்றவர்கள்தானே நீங்கள்" என்று நேற்று ஒருவர் பின்னூட்டம் போட்டிருக்கிறார். வெட்டியது உண்மை, அந்த 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போனதும் உண்மை. அதனால்தான் பயப்படுகிறோம். 2021இல் இலங்கை மீன் பாருக்கென்று பழைய பேருந்துகளைக் கடலில் இறக்கியபோது, இது அநியாயம் என்று நம்மோடு சேர்ந்து பேசியவர்களில் சிலர் செவ்வாய்க்கிழமை மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். அது எனக்கு மிகவும் வலித்தது. அடுத்தவர் போட்டால் குப்பை, நாம் போட்டால் பார் என்று எந்த மீன் நம்பும்?

பெரியவர் கேட்டது புரியாதவர் கேட்ட கேள்வி அன்று. உடைக்கப் போகும் கப்பலில் உள்ள அபாயப் பொருள்களுக்குப் பட்டியல் வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் கப்பல் மறுசுழற்சிச் சட்டம் சொல்கிறது. கப்பல் உடைப்புக்கென 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த ஹாங்காங் சர்வதேச உடன்படிக்கையும் அதையே சொல்கிறது. உடைப்பதற்கே பட்டியல் வேண்டும் என்றால், நாங்கள் வலை போடும் கடலில் மூழ்கடிப்பதற்குப் பட்டியலைக் கேட்கக் கூடாதா?

அடுத்த கூட்டத்திற்கு அந்தப் பட்டியலைத் தமிழில் கொண்டுவாருங்கள். பெரியப்பாவோடு வேலை பார்த்த இருவர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை நான் அழைத்து வருகிறேன். பெரியவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டுங்கள்.