கேன் தண்ணீர்க் கணக்கும் கணினி வேலையும்

பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் அலுவலகத்தில் 12 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கல்லூரி முடித்து வருகிறவர்களை நேர்முகத் தேர்வு செய்யும் பொறுப்பும் எனக்கு உண்டு. கோப்பு நிறையச் சான்றிதழ்களோடு வரும் பிள்ளைகளிடம், "இறுதியாண்டு ப்ராஜெக்டில் எந்த இடத்தில் திணறினீர்கள்?" என்று கேட்டால், பலர் பதில் தெரியாமல் நிற்கிறார்கள். ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி, அறிக்கையும் சேர்த்து வாங்கி வந்த நிரலில் அவர்கள் திணறுவதற்கு எதுவும் இருந்திருக்காது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் அப்படி வாங்கியவன்தான்; வேலையில் சேர்ந்த முதல் ஆண்டு முழுவதும் அதற்காகத் தவித்தேன்.

இந்த ஆண்டு வடசென்னையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். பெயர்பெற்ற கல்லூரி இல்லை, மதிப்பெண்களும் நடுத்தரம்தான். அவருடைய அப்பா வீடுகளுக்கு 20 லிட்டர் கேன் தண்ணீர் போடுகிறவர். அந்தக் கணக்கை நோட்டிலிருந்து கணினிக்கு மாற்ற, இரண்டாம் ஆண்டிலேயே பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு சிறு நிரல் எழுதியிருக்கிறார். முதலில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே ஓர் எண்ணை மட்டும் வைத்திருந்தார்: அந்த வீடு திருப்பித் தர வேண்டிய காலி கேன்கள் எத்தனை என்று. ஒரு நாள் ஒரு வீட்டில், "மூன்று கேனையும் கொடுத்துவிட்டோம்" என்று சொல்ல, நிரலோ இன்னும் ஒன்று பாக்கி என்று காட்ட, எந்தத் தேதியில் எத்தனை வந்தது என்று பார்க்க வழியே இல்லாமல் போயிற்று. அதன்பிறகு அந்த எண்ணையே எடுத்துவிட்டு, கேன் போட்டது, காலி கேன் வாங்கியது என ஒவ்வொன்றையும் தேதியோடு தனித்தனி வரியாக எழுதி, பாக்கியைக் கேட்கும்போது மட்டும் கூட்டிக் கழித்துச் சொல்லும்படி மாற்றினார். வங்கிப் பாஸ்புக்கும் அப்படித்தானே இருக்கிறது! எங்கள் அலுவலகத்தில் புதியவர்களுக்கு இதைப் புரியவைக்க நாங்கள் படும் பாட்டை நினைத்துக்கொண்டேன். தகவல்களை ஒழுங்காகச் சேமித்துவைக்கும் டேட்டாபேஸ் பற்றிய பாடத்தில் வரையறை எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தாலும், அந்தச் சண்டைக்குப் பிறகுதான் பாடமே விளங்கியது என்றார் அவர்.

இதற்கு அவருக்குப் பெரிதாக ஒன்றும் செலவாகவில்லை. அவர் பயன்படுத்திய எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ், 2000-இல் வெளிவந்து இன்று எல்லா ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் இருக்கும் இலவச மென்பொருள். ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய என்பிடெல் என்ற இணையவழிப் பாடங்களை யாரும் காசில்லாமல் படிக்கலாம். சான்றிதழுக்கான தேர்வுக்குத்தான் கட்டணம். வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லாதவர்களுக்குக் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. ஆனால் இத்தனை வசதியையும் சான்றிதழ் சேர்ப்பதற்கே செலவழித்துவிடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம். இப்போது செயற்கை நுண்ணறிவே கேட்ட நொடியில் நிரலை எழுதித் தந்துவிடுகிறது. காலி கேன் யாரிடம் நிற்கிறது என்ற தகராறை அதனிடம் எடுத்துச் சொல்லவாவது, அந்த வீட்டு வாசலில் ஒருமுறை நின்றிருக்க வேண்டாமா?

தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு அஞ்சிப் பின்வாங்குவதையும் பார்க்கிறேன். நிரல் தவறினால் ஆங்கிலத்தில் வரும் பைத்தான் பிழைச் செய்தி எவ்வளவு நீளமாக இருந்தாலும் முதலில் படிக்க வேண்டியது அதன் கடைசி வரியைத்தான்; என்ன பிழை என்பது அங்கே இருக்கும். எந்த வரியில் நின்றது என்பது அதற்குச் சற்று மேலே இருக்கும். அப்படி வரும் சொற்கள் திரும்பத் திரும்ப வருபவை. நாள்தோறும் பார்த்தால் சில வாரங்களில் பழகிவிடும்.

மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். ப்ராஜெக்ட் சென்டருக்கென்று எடுத்துவைத்திருக்கும் பணத்தை அங்கே கட்டாதீர்கள். வீட்டில் கணினி இல்லையென்றால், விவரம் தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு, சென்னையில் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய், அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, பழைய மடிக்கணினி ஒன்றைப் பார்த்து வாங்கிக் கொடுங்கள். பிறகு உங்கள் கடைக் கணக்கையோ, சீட்டுக் கணக்கையோ, அடுக்ககப் பராமரிப்புக் கணக்கையோ அந்தப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள்; முதல் மாதம் தப்பாகத்தான் வரும், அதனால் நோட்டையும் கூடவே எழுதி வாருங்கள்.