படகு வேண்டாம், அம்மா உட்கார்ந்திருக்க வழி செய்யுங்கள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் அக்காவையும் அழைத்துக்கொண்டு வாணியாறு அணைக்குப் போய்வந்தேன். தர்மபுரியிலேயே பிறந்து வளர்ந்த அம்மாவுக்கு 63 வயதாகிறது. ஏற்காட்டுக்கு நான்கு முறை போயிருக்கிறார். இந்த அணையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

இத்தனைக்கும் இரண்டும் ஒரே மலைதான். சேர்வராயன் மலையின் உச்சியில் ஏற்காடு ஏரி. இந்தப் பக்கச் சரிவில் பெய்யும் மழை ஓடை ஓடையாக இறங்கி வாணியாறாகிறது. பாப்பிரெட்டிப்பட்டிக்கு அருகே, முள்ளிக்காட்டில், மலையடிவாரத்திலேயே அதை மறித்து அணை கட்டியிருக்கிறார்கள். கரைமேல் ஏறி நின்றால் எதிரே நீர், நீருக்குப் பின்னால் மலை, வேறெதுவும் இல்லை. காலையில் மலை நீலமாக இருந்தது. வெயில் ஏற ஏறப் பச்சையாகி, மரங்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. மேகத்தின் நிழல் சரிவில் இறங்கி, நீரைக் கடந்து, எங்கள் காலடிவரை வந்து போயிற்று. அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்தவர், ஒரு மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

இந்த இடத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம் மாவட்டத்துக்காரர்கள் ஒன்றையே சொல்கிறார்கள்: படகு விட வேண்டும், வண்ண விளக்கு போட வேண்டும், ஊட்டிபோல ஆக்க வேண்டும். எனக்கு இதில் சிறிதும் உடன்பாடில்லை. வாணியாறு பாசன அணை. அதன் முழு நீர்மட்ட உயரம் 65 அடி. வெங்கடசமுத்திரம், ஆலாபுரம், தென்கரைக்கோட்டை என்று கீழே எத்தனையோ ஊர்களின் நெல்லும் கரும்பும் பாக்கும் இந்தத் தண்ணீரை நம்பியிருக்கின்றன. மதகு திறந்தால் நீர்மட்டம் இறங்கத்தான் செய்யும், இறங்கவும் வேண்டும். கோடையில் சேறு வெடித்துக் கிடக்கும் இடத்தில் படகுத்துறை கட்டி என்ன பயன்? 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை நம் பக்கத்து ஆறுகளையெல்லாம் புரட்டிப் போட்டதை அதற்குள் மறந்துவிட்டோமா? அணைக்கென்று ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலைக்கு நடுவேதான் நமக்கு அழகையும் காட்டுகிறது. ஏறி இறங்கும் அந்த நீரை அப்படியே பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான்.

படகு வந்தால் நாலு பேருக்குப் பிழைப்பு கிடைக்குமே என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் மக்கள் வந்து நிம்மதியாக உட்கார்ந்தாலே மீன் வறுப்பவருக்கும், வேர்க்கடலை விற்பவருக்கும், டீக்கடைக்காரருக்கும் வியாபாரம் நடக்கும். அப்படி உட்கார முடிகிறதா என்பதுதான் என் கேள்வி.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நம் மாவட்டத்திலேயே வேறொரு அணைக்குப் போயிருந்தோம். கழிப்பறை என்று எழுதிய கட்டடம் இருந்தது, கதவில் பூட்டு தொங்கியது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். கடைசியில் அம்மா மரவள்ளிக் காட்டு வரப்பில் அரை கிலோமீட்டர் நடந்து, முன்பின் தெரியாத ஒரு வீட்டில் போய்க் கேட்டார். அந்த வீட்டு அம்மாள் உள்ளே அழைத்துப் போனதோடு மோரும் கொடுத்து அனுப்பினார். அவர் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் அன்று ஊர் திரும்பும்வரை அம்மா வாய் திறக்கவில்லை. அதோடு, கரையில் கண்ணாடிச் சில்லுகள். சாயங்காலமானால் பாட்டிலோடு வந்து உட்காரும் கூட்டம். மகளையோ தாயையோ அழைத்து வந்தவர்கள் மெல்ல எழுந்து கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் ஏன் போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. மாவட்டத்தின் ஒவ்வொரு அணையிலும் திறந்திருக்கும், தண்ணீர் வரும் ஒரு கழிப்பறை. அதைப் பார்த்துக்கொள்ள, ஒழுங்காகச் சம்பளம் வாங்கும் ஒரு பெண். கரையில் குடிப்பவர்களை எழுப்பி அனுப்ப ஒரு காவலர். ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஊர் திரும்ப ஒரு பஸ். வண்ண விளக்குக்கு ஒதுக்கும் பணத்தில் இவை முடியும் என்றே நம்புகிறேன்.

வாணியாற்றில் அன்று மதியம் அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அம்மா வாங்கவில்லை. காலையில் வீட்டில் காபி குடித்ததோடு சரி. இங்கே வசதி இருக்கிறதா என்று விசாரித்து வருகிறேன் என்றேன். "வேண்டாம்மா, பட்டது போதும்" என்று சொல்லிவிட்டார். பிறகு மலையைப் பார்த்தபடியே, "இங்கே சூரியன் மலைக்குப் பின்னால் போய் விழுமே, அதைப் பார்க்க எவ்வளவு நன்றாக இருக்கும்" என்றார்.

மூன்றரை மணிக்குக் கிளம்பிவிட்டோம். சூரியன் இறங்கும் நேரத்தில் நாங்கள் பொம்மிடியைத் தாண்டியிருந்தோம்.